ஏழாம் நம்பர் பொடி

பதினோராம் பொடியில் செய்த பேட்டரியும் முப்பதாவது சுற்றில் படுத்துவிட்டது. திரையில் சரிந்து கிடந்த கோட்டையே செல்வப்பிரியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேரள எல்லையில் வாளையாருக்கு இந்தப்பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகம். கார்பன் நானோகுழாயையும் இரும்பு ஆக்சைடையும் சின்னக் கல்லுரலில் அரைத்து, காற்றுப் புகாத சூளையில் சுட்டு, லித்தியம் பேட்டரிக்கு ஆனோடு என்னும் மின்முனை செய்வது அவள் ஆராய்ச்சி. ஒருமுறை மின்னேற்றி இறக்கினால் ஒரு சுற்று. இரும்பு ஆக்சைடு மின்னேற்றினால் உப்பும், இறக்கினால் சுருங்கும், கடைசியில் நொறுங்கும். தன்னைப் போலவே என்று நினைத்துக்கொள்வாள்.

மழைக்காலத்தில் அரைத்த ஏழாம் பொடி மட்டும் நொறுங்காமல் அறுநூறு சுற்று ஓடியது. நுண்ணோக்கியில் பார்த்தால் துகளுக்குத் துகள், தீய்ந்த பாகு போல மெல்லிய கரித்தோல். அது எங்கிருந்து வந்ததென்று தெரியாததால், நானோகுழாயின் புண்ணியம் என்று கட்டுரையில் எழுதி அனுப்பினாள். மூன்று மாதத்துக்குள் இன்னொரு முறை செய்துகாட்டு என்று இதழிலிருந்து பதில் வந்தது. காட்டாவிட்டால் கட்டுரையும் இல்லை, பட்டமும் இல்லை.

அந்த ராசியான உரலை வேறு யாரும் தொடாதபடி அவள் அப்போதே அலமாரியில் வைத்துப் பூட்டி, பொடி அரைக்க மட்டும் வெளியே எடுத்தாள். எட்டாம் பொடி எண்பது சுற்றில் செத்தது. அழுக்கோ என்று உரலை அமிலத்தில் ஊறவைத்தாள். ஒன்பதாவது அறுபதில் போயிற்று. ஆய்வகத்தில் தின்பதும் குடிப்பதும் கூடாது என்றாள்.

"மழையில தும்மிக்கிட்டுக் கெடந்தப்ப என் சுக்குக் காப்பிதானுங்க அம்மிணி உங்களக் காப்பாத்துச்சு" என்றாள் கூட்டிப் பெருக்கும் நாச்சம்மாள். "இப்ப ஆகாதுங்களா?"

"ஆகாதுக்கா. சுத்தம் வேணும்."

பத்தாவது நாற்பது. தரையைத் தானே முட்டி போட்டுத் துடைத்தாள். இதோ, முப்பது.

வழிகாட்டி சிஜு சார் கதவருகே நின்று மெதுவாகக் கேட்டார். "சத்தியமாயிட்டும் அறுநூறு ஓடிச்சா, செல்வப்பிரியா?"

"ஓடிச்சு சார்."

சொன்ன குரல் அவளுக்கே பொய்க்குரலாகக் கேட்டது. ஓடியதா? ஓட வேண்டுமென்று விரும்பியதைத்தான் பார்த்தேனா? ஐந்து வருடத்தில் தன் கண்ணையே நம்ப முடியாதவளாகிவிட்டாள்.

அவர் போனபின், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டு வரி எழுதினாள். அனுப்பியும் விட்டாள்.

பூட்டைத் திறந்து உரலை எடுத்து நாச்சம்மாளிடம் நீட்டினாள். "இனி இது எனக்கு வேண்டாம்க்கா. எங்கயாச்சும் போட்டுருங்க."

நாச்சம்மாள் அதை முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போடறதுங்களா? மழைக்காலத்துல மாதிரி உங்க காப்பிக்கு இதுலயே கருப்பட்டி பொடிச்சுக்கறனுங்க அம்மிணி."