மாப்பிள்ளை வண்டியின் கூடார உறை கிழிந்த விவரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு அத்தை எழுதுவது. உங்கள் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். இங்கே நானும் உங்கள் மாமாவும் சௌக்கியம். நீங்கள் எங்கள் வாசலில் விட்டுப்போன வண்டியும் சௌக்கியம். வண்டியின் தலையில் மடித்து வைத்திருக்கும், விரித்தால் இரண்டு பேர் படுக்கும் கூடாரமும் சௌக்கியம். கூடாரத்தின் மேல் போட்ட உறையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

நீங்கள் வேலைக்காக வெளியூர் கிளம்பிய அன்று, "அத்தை, வெயில்தான் இந்தத் துணிக்கு எதிரி. அப்பப்போ மூணடி தள்ளி நின்னு நல்லா அடிச்சு விடுங்க, போதும்" என்று சொல்லி, கையில் ஒரு பாட்டிலையும் கொடுத்தீர்கள். மாப்பிள்ளை சொல்லுக்கு மறுபேச்சு ஏது. பாட்டில் எனக்குக் கொடுத்த அன்பளிப்பு என்று எண்ணி, சாமி அலமாரிக் கண்ணாடியைத் துடைக்க வைத்துக்கொண்டேன். துணியை அடிக்க மூன்றடி தள்ளி நின்றால் கை எட்டாது என்பதால் ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டேன். துணிக்குள் தங்கிய வெயில் அடித்தால் உதிரும்போலிருக்கிறது, படித்தவர் காரணமில்லாமல் சொல்லமாட்டார் என்று நம்பி, வாய் பிரார்த்தனையை முணுமுணுக்க, கை ஓங்கி ஓங்கி அடித்தேன். கறுப்பு உறை சாம்பல் நிறமாயிற்று, தொட்டால் விரலில் மாவாக ஒட்டிற்று. வெயில் இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் பலமாக அடித்தேன். போன வாரம் ஒரே அடியில் மூலையிலிருந்து நடுவரை பிளந்துகொண்டது.

உறை போனால் வேறு உறை வாங்கலாம் மாப்பிள்ளை. என் பயம் அதற்கல்ல. நீங்களும் என் பெண்ணும் முகம் கொடுத்துப் பேசி எத்தனையோ மாதம் ஆகிறது. நீங்கள் ஓர் ஊர், அவள் ஓர் ஊர். மாதக் கடைசியில் இந்த வண்டியில் போய்க் கூடாரத்தில் தங்கலாம் என்பது ஒன்றுக்குத்தான் இரண்டு பேரும் சரி என்றீர்கள். அவளோ, "அந்தக் கூடாரம் ஒரு சொட்டு ஒழுகினாலும் நான் அப்படியே பஸ் ஏறி வந்துடுவேன்மா" என்று சொல்லியிருக்கிறாள். உறை கிழிந்தால் கூடாரம் நனையும், நனைந்தது ஊறினால் ஒழுகும், ஒழுகினால் அவள் பஸ் ஏறுவாள். ஒட்டடைக் கம்பால் பெண்ணின் வாழ்க்கையையே கிழித்துவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை.

கார் சீட் தைக்கும் கடைக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். "எதுலம்மா அடிச்சீங்க?" என்றார். ஒட்டடைக் கம்பில்தான் என்று சொல்லி, நீங்கள் பாட்டில் கொடுத்ததையும் சொன்னேன். கம்பை வாங்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "அடிக்கிறதுன்னா வெயில் தாங்குற மருந்து அடிக்கிறதும்மா. அந்த பாட்டில்ல இருக்கிறதை" என்றார். கையில் வேலை நிறைய இருக்கிறதாம், அடுத்த மாதம்தான் முடியுமாம். ஆனாலும் ஒரு துண்டுத் துணியும் வளைந்த ஊசியும் கொடுத்து, சாதாரண நூல் வெயிலில் இற்றுவிடும், பாலியெஸ்டர் நூலில் தையுங்கள் என்று சொல்லிப் போனார். தெருமுனை திரும்பிய பிறகு அவர் சிரித்தது இங்கே வரை கேட்டது.

உங்கள் மாமா, "பேசாம திருப்பிப் போட்டு வை, யாரு பார்க்கப் போறா" என்றார். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. உறையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, ஸ்பிரிட்டால் அழுக்கெடுத்து, ஒட்டுத்துணியின் முனைகளைப் பிய்ந்து எழும்பாதபடி வட்டமாக வெட்டி ஒட்டினேன். பிறகு ஏணியில் ஏறி, மாமா ஏணியைப் பிடிக்க, தையலுக்கு ஒரு பிரார்த்தனை வீதம் தைத்தேன். ஊசித் துளையெல்லாம் பசை தடவி அடைத்தேன். பாட்டிலில் மிச்சம் இருந்ததையும் மூன்றடி தள்ளி நின்று அடித்தேன். இதற்கான செலவையெல்லாம் என் கணக்கில் 'பாவநிவர்த்தி' என்ற தலைப்பில் எழுதியிருக்கிறேன், உங்களிடம் கேட்கமாட்டேன். இனி வெயில் படக்கூடாது என்று மேலே வெள்ளைப் போர்வையைக் கட்டிவைத்தேன். எதிர்வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வந்து, "யாருக்கு, எப்போ?" என்று கேட்டார்.

இப்போது உறை பார்க்க நன்றாகவே இருக்கிறது. கோபம் வந்தால் என்மேல் வரட்டும். என் பெண்ணிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். பயணத்தை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு பேரும் நனையாமல், நலமாகப் போய்வர ஆண்டவன் துணையிருப்பான்.

இப்படிக்கு,
பயத்துடனும் ஆசியுடனும்
அத்தை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில், எதற்கும் ஒரு தடவை திறந்து பார்ப்போம் என்று மாமா ஏறினார். உறை கழன்று வரவில்லை. கூடாரத்தையும் சேர்த்தே தைத்திருக்கிறேன். மாமா ஏணியில் நின்றபடியே பெண்ணுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. "திறந்தாத்தானே ஒழுகும்" என்றாள். சனிக்கிழமை பிளேடு எடுத்துக்கொண்டு பிரிக்க வருகிறாளாம். போனை நான் வாங்கியதும், "அவரையும் வரச் சொல்லும்மா" என்றாள். வந்துவிடுங்கள் மாப்பிள்ளை. இரட்டை நூலில் நெருக்கித் தைத்திருக்கிறேன். ஒருவராகப் பிரித்துத் தீராது.