மாபெரும் போராட்டு விழா

தேர்ச்சி விழுக்காடு என்பது ஒரு பள்ளியின் மானம். அந்த மானத்தைக் காப்பதில் ஓடைப்பட்டிச் சாலையில் உள்ள வைகறைச்சுடர் இன்டர்நேஷனல் மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளி ஒருநாளும் பின்வாங்கியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தோற்கக்கூடும் என்ற ஐயத்துக்கு இடமளித்தவர்கள், ஒன்பதாம் வகுப்பிலேயே கேளாமலே மாற்றுச் சான்றிதழ் வழங்கப்பெற்று, வாசல்வரை மரியாதையுடன் வழியனுப்பப்பட்டார்கள். எஞ்சியோர் தேர்வெழுதினார்கள். எஞ்சிய அனைவரும் தேர்ச்சி பெற்றார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. விழா எடுப்பதற்கு மட்டும் நிறைய இருந்தது.

முதலிடம் பெற்றவள் யுவராணி. திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிவேலைக்குப் போகும் மொக்கம்மாளின் மகள். தமிழில் நூற்றுக்கு நூறு. அரசுக் கல்லூரி ஒன்றில் தமிழ் இலக்கியம் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் மாற்றுச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

தாயும் மகளும் போய்க் கேட்டார்கள். தாளாளர் ஈஸ்வரபாண்டி கனிவோடு மறுத்தார். அவர் சொன்ன காரணம் அசைக்க முடியாதது. விழாவும் வெள்ளிக்கிழமைதான். சான்றிதழைக் கொடுத்துவிட்டால் அவள் அப்பள்ளியின் மாணவியே அல்லள். மாணவியே அல்லாத ஒருத்திக்குப் பள்ளி எந்த முறையில் சால்வை போர்த்தும்? ஆகவே விழா முடிந்ததும் தருவார். சிறப்பு விருந்தினராகிய கோட்டாட்சியர் வந்ததும் விழா தொடங்கும். கோட்டாட்சியர் எப்போது வருவார் என்பது கோட்டாட்சியருக்கே தெரியாது.

வியாழக்கிழமை பள்ளி வாயிலில் ஃபிளெக்ஸ் ஏறியது. நடுவில் ஆளுயரத்துக்கும் மேலாகத் தாளாளர், கைப்பேசியைக் காதில் வைத்தபடி நடந்து வந்தார். இருபுறமும் சிங்கம் நிறுத்துவதே வழக்கமாயினும், மண்ணின் பெருமை கருதி இரண்டு கோம்பை நாய்கள் நிறுத்தப்பட்டிருந்தன. அவருடைய காலணிக்கருகே தபால்தலை அளவில் மாணவர்கள். யுவராணியின் முகம் மட்டும் சற்றுப் பெரிது. இவை அனைத்துக்கும் மேலே, மஞ்சள் எழுத்தில், ‘மாபெரும் போராட்டு விழா’.

‘பாராட்டு’ என்னும் சொல்லுக்கு முன்னால் ஓர் இரட்டைக்கொம்பு முளைத்துவிட்டது. பள்ளி வளாகத்தில் தமிழில் பேசினால் தண்டம் என்பதால், தமிழைப் படித்துப் பார்க்கவும் எவரும் துணியவில்லை. தலைமையாசிரியை ஆங்கில எழுத்துகளை மட்டும் சரிபார்த்து, அவை சரியாக இருக்கக் கண்டு மகிழ்ந்தார். நின்று முழுவதும் படித்தவள் யுவராணி ஒருத்தியே.

“சார், ஒரு கொம்பு கூடுதலா இருக்கு” என்றாள்.

“சதுர அடிக் கணக்குலதான் அடிச்சிருக்கு. கொம்புக்குத் தனியாவா கேட்டான்?” என்றார் தாளாளர். “மார்க்கு வாங்குனமா, மேடையில சிரிச்சமான்னு இரு, ஆத்தா.”

மறுநாள் காலை காவல் ஆய்வாளர் ராஜபாண்டி ஃபிளெக்ஸைப் படித்தார். படித்ததும் ஜீப்பை விட்டு இறங்கினார். பாராட்டுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை, போராடுவதற்கு வேண்டும். அனுமதியின்றிப் போராடுவோரைக் கைது செய்து, கல்யாண மண்டபம் ஒன்றில் வைத்து, மதியச் சோறு போட்டு, மாலை ஆறு மணிக்கு மேல் விடுவிப்பதே தொன்றுதொட்டு வரும் நடைமுறை. விழாவுக்கென்று தாளாளர் முன்னதாகவே மண்டபம் பிடித்துச் சமையலும் ஏற்பாடு செய்திருந்ததைக் கேட்டு ஆய்வாளர் நெகிழ்ந்துபோனார்.

“எங்களுக்குப் பாதி வேலைய மிச்சம் பண்ணிட்டீக. பிள்ளைகளக் கூட்டியாந்து உள்ள ஒக்கார வச்சா, கைது முடிஞ்சது.”

“ஐயா, இது எழுத்துப் பிழை.”

“பிழைன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் முன்வரிசையில ஒக்காந்து கைதட்டிட்டுப் போறேன்.”

தாளாளர் சிந்தித்தார். தமிழில் நூற்றுக்கு நூறு பெற்ற பள்ளி, தமிழில் எழுத்துப் பிழை விட்டது என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதா? சேர்க்கை நடக்கும் மாதம் வேறு. பிழையாளர் என்ற பெயரை விடப் போராளி என்ற பெயர் கௌரவமானது என்னும் முடிவுக்கு வந்தார்.

“பிழையெல்லாம் இல்ல. போராட்டுதான்” என்றார்.

அவ்வளவில் அனைவரும் சட்டப்படி கைதானார்கள். மண்டபத்தின் கதவைச் சாத்தி இரு காவலர்கள் நின்றார்கள். உள்ளே வரவேற்பு நடனம் ஆடவிருந்த சிறுமியர் சலங்கையோடு கைதாகியிருந்தார்கள். போராட்டம் என்றால் முழக்கம் வேண்டுமே என்று உடற்கல்வி ஆசிரியர் அவர்களுக்கு முழக்கம் சொல்லிக் கொடுத்தார். எவர் மனத்தையும் புண்படுத்தலாகாது என்று ஆய்வாளர் விதித்திருந்ததால், “வாழ்க வாழ்க, எல்லாரும் வாழ்க” என்று அவர்கள் ஆவேசமாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

யுவராணி இன்னும் போர்த்தப்படாத சால்வையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு மணிக்கு விடுவித்தால் கல்லூரி பூட்டியிருக்கும். மொக்கம்மாள் கதவருகே போய்க் காவலரிடம், பிள்ளையை மட்டுமாவது விடச் சொல்லிக் கேட்டாள். போராட்டத்தின் முகமே அவள்தான், ஃபிளெக்ஸில் பெரிதாக இருக்கிறது என்று காவலர் மறுத்துவிட்டார்.

பாராட்டு விழா என்றிருந்தால் பொழுது சாய்ந்து வந்திருக்கக்கூடிய கோட்டாட்சியர் சுந்தரலிங்கம், போராட்டம் என்று கேள்விப்பட்டதும் உச்சிவேளைக்கே வந்து சேர்ந்தார். மேடையில் அவருக்கென்று போட்டிருந்த நாற்காலியிலேயே அமர்ந்து அமைதிப் பேச்சுவார்த்தையைத் தொடங்கினார். கோரிக்கை என்னவென்று கேட்டார். தாளாளர் தலைமையாசிரியையைப் பார்த்தார். தலைமையாசிரியை உடற்கல்வி ஆசிரியரைப் பார்த்தார். கோரிக்கையே இல்லையென்றால் நிறைவேற்ற வழியில்லை, நிறைவேற்றாமல் போராட்டத்தை முடிக்க வழியில்லை, முடிக்காமல் தாமும் எழுந்துபோக வழியில்லை என்று கோட்டாட்சியர் வருந்தினார்.

யுவராணி எழுந்து ஒலிபெருக்கி முன் வந்தாள்.

“எனக்கு டி.சி. வேணும் சார். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள காலேஜுல குடுக்கணும்.”

கோட்டாட்சியரின் கண்கள் கலங்கின. தம் பணிக்காலத்தில் இத்துணைச் சிறிய கோரிக்கையை அவர் கண்டதில்லை. கோரிக்கை ஏற்கப்பட்டது. தாளாளர் அங்கேயே கையெழுத்திட்டார். முத்திரை பள்ளியிலிருந்து காவல் வாகனத்திலேயே வந்தது. போராட்டம் முறைப்படி முடிய வேண்டுமானால் யாராவது ஒருவருக்குப் பழச்சாறு கொடுக்க வேண்டும். உண்ணாமல் இருந்தவர் எவரும் இல்லாததால், காலையில் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்ட தாளாளர் தேர்ந்தெடுக்கப்பட்டுத் திராட்சைச் சாறு அருந்தினார். அனைவரும் கைதட்டினார்கள்.

மொக்கம்மாள் சான்றிதழை முந்தானையில் பொதிந்துகொண்டாள்.

“பாராட்டுனப்பத் தராதத, கைதானதும் தந்துட்டாக. வெரசா வா பிள்ள, பஸ்ஸு போயிரும்” என்றாள்.

பேருந்து கிடைத்தது, கல்லூரியில் இடமும் நிலைத்தது.

இத்தோடு அப்பள்ளியின் மானம் போயிற்று என்றே ஊரார் எண்ணினார்கள். ஆனால் மறுவாரம் சேர்க்கைக்குக் கூட்டம் தாங்கவில்லை. ஃபிளெக்ஸை எவரும் கழற்றவுமில்லை. அதனடியில் பிள்ளையை இடுப்பில் வைத்து நின்ற ஒரு தாய், பக்கத்தில் நின்றவளுக்குக் காரணம் சொன்னாள்.

“தமிழ்ல ஒரு வார்த்த ஒழுங்கா எழுத வரலைன்னா, இங்கன இங்கிலீஷ் எம்புட்டு நல்லாச் சொல்லித் தருவாக, யோசிச்சுப் பாரு.”

வரிசை ஓடைப்பட்டிச் சாலையில் வெகுதூரம் வளைந்து நின்றது. ஆய்வாளர் பேத்தியோடு நின்றார். தமிழ்ப் பற்றுள்ள பெரியோர் சிலர் இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே போய் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்களையும் வரிசையில் நிற்பவர்கள் என்று எண்ணி, அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். அப்படி எண்ணியது பிழை என்று எவரும் சொல்லவில்லை.