பட்டன் அண்ணனின் ஐந்தாவது பட்டன்

1987 மார்ச் 11, புதன்கிழமை. காலை ஐந்தரைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, ஆறே காலுக்குத் தேநீர், பத்தே முக்காலுக்கு ரப்பர் பால் நிறுவை, பதினொன்றரைக்கு ரப்பர் ஆலையில் அபாய மணிச் சோதனை. மலேசியாவில் புக்கிட் செலம்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த எனக்கு எல்லாப் புதன்கிழமைகளும் இப்படித்தான் போகும். அன்று மட்டும் சோதனை முடியவில்லை. காரணம், கெடா மாநிலத்திலேயே தன் காதைத் தவிர மற்ற எல்லார் காதிலும் கோளாறு என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே மனிதர்: பட்டன் அண்ணன்.

ஆலையில், ரப்பரை உருளைகளில் நசுக்கித் தகடாக்கும் கிரேப் மிஷினின் சுவிட்சு அவர் பொறுப்பு. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே வாழ்ந்தது. 1985 தீபாவளிக்குப் பினாங்கு போனவர் ஒரு வாக்மேனுடன் திரும்பினார். அதன் நெற்றியில் ஈக்குவலைசர் என்று ஐந்து தள்ளு பட்டன்கள். இடது ஓரம் தவிலுக்கு, நடு பட்டன் மனிதக் குரலுக்கு, வலது ஓரம் ஜாலராவுக்கு. மேலே தள்ளினால் அந்தச் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். அவ்வளவுதான் விஷயம். அவர் அதை வைத்தியமாக்கிவிட்டார்.

பாதிரியாரின் பிரசங்க கேசட்டுக்கு முதல் பட்டனை அடிமட்டத்துக்கு இறக்குவார். "நரகத்தப் பத்திப் பேசறாரு பாருங்க, இதக் கொறச்சா பாதி பயம் போயிரும்." மனைவி திட்டினால், "ஒனக்கு மூணாவது பட்டன் இல்லாமப் போச்சே" என்று வருந்துவார். "அத ஒங்க அம்மா ஒங்களுக்கு வெச்சு அனுப்பியிருக்கணும்" என்று அந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுவார்.

ஒரு கல்யாணத்தில் ஒலிபெருக்கிக்காரர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவருடைய பெட்டியில் ஜாலராப் பக்கத்தை முழுசாகத் திருகிவிட்டார் பட்டன் அண்ணன். மண்டபமே விசிலடித்தது. தாலி கட்டப்போன மாப்பிள்ளை, தாலியைத் தட்டில் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணே, காது கிழியுதுலா!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார் பெண்ணின் தம்பி.

"கிழியலடா தம்பி, இப்பதான் தொறக்குது!"

தேநீர் நேரத்தில் ஹெட்போனை என் தலையில் மாட்டி, "எப்படி கிராணி?" என்பார். பாத்திரக் கடையில் நூறு எலிகள் ஓடுவது போலிருக்கும். "கூர்மையா இருக்கு" என்பேன். பிறகு, ஐந்து பட்டன்களும் எந்தக் கோட்டில் நிற்கின்றன என்று நாட்குறிப்பில் எழுதிக்கொள்வேன். எதையும் எழுதிவைப்பது கிராணி புத்தி. மழையளவையும்தான் எழுதினேன்.

அந்தப் புதன்கிழமை, உருளைகளுக்குள் ரப்பரைத் தள்ளும் லெட்சுமி வழக்கம்போல் மணிக்கயிற்றை இழுத்தார். மணி கேட்டதும் பட்டன் அண்ணன் சுவிட்சை அணைக்க வேண்டும். அவர் அசையவில்லை. தலையில் ஹெட்போனும் இல்லை.

"அண்ணே, மணி!" என்று தோளைத் தட்டினேன்.

"மணி எங்க அடிச்சுது? ரோசாக் ஆயி கெட்டுப்போச்சு போல. கழட்டித் தூக்கிப் போடுங்க."

"சிடாம் கிரியில இருக்கற என் மாமியாரே எந்திரிச்சு ஒக்காந்திருப்பாங்க, ஒங்களுக்குக் கேக்கலையா?" என்றார் லெட்சுமி. எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாம் முறை இழுத்தார். மூன்றாம் முறை யாரும் சிரிக்கவில்லை. லெட்சுமியின் விரல்கள் நாள் முழுவதும் அந்த உருளைகளுக்கு நாலு அங்குலம் தள்ளித்தான் வேலை செய்யும்.

அண்ணனை அலுவலகத்துக்கு அழைத்துப் போய் நாட்குறிப்புகளை விரித்தேன். வாங்கிய புதிதில் ஐந்தாவது பட்டன் நடுக்கோட்டில். அடுத்த வருஷத் தொடக்கத்தில் ஒரு கோடு மேலே. போன கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு. இந்த மாதம் உச்சியில். அது ஜாலராவின் பட்டன்; ஆலை மணியும் அதே ஜாதிக் கீச்சுச் சத்தம்தான்.

"இப்ப வர்ற கேசட்டெல்லாம் மட்டம் கிராணி. ஜாலராவே பதியறதில்ல. அதான் ஏத்தினேன்."

"நான் எழுதினதெல்லாம் ஒரே பாட்டுக் கேசட்டுக்குத்தான் அண்ணே. நீங்க மொதமொதல்ல வாங்கினது."

மிஷினின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே பதினாறு வருஷம் நின்றவர், பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

"அப்ப அந்தக் கல்யாணத்துல எல்லாருக்கும் நெசமாவே வலிச்சுதா?"

"வலிச்சுது."

"நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்றவர் கதவைப் பார்த்தார். "மானேஜருக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாரு. காது கேக்காதவன எவன் சுவிட்சுல நிறுத்துவான்?"

ஆலைக்குத் திரும்பியதும் யாரும் சொல்லாமலே சுவிட்சை லெட்சுமியிடம் ஒப்படைத்தார். லெட்சுமியின் இடத்தில் நின்று, அன்று முழுக்க அண்ணன் ரப்பரைத் தள்ளினார். மறுநாள் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவாயிற்று.

"டாக்டரு காதுக்குள்ளயே ரெண்டு பட்டன் வெச்சுத் தருவாரா கிராணி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, பெரட்டுக்கும் முன்பாக நான் செய்த முதல் வேலை, ஆலைப் பதிவேட்டைத் திறந்து மானேஜருக்கு ஒரு குறிப்பு எழுதியது: 'மணியின் ஓசை போதவில்லை. மணிக்கயிற்றை இழுத்ததும் எரியும்படி, சுவிட்சுக்கு எதிரே சிவப்பு விளக்கு ஒன்று தேவை.' என் கையெழுத்தில் இருக்கும் பதிவுகளில் உண்மையில்லாதது அந்த முதல் வரி ஒன்றுதான்.