பெட்டி மிஸிக்கு அளவான சைக்கிள்

மன்னார்த் தீவில் சைக்கிளில் ஏறி இறங்கத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இறங்குவதற்கென்று ஊரையே வேலைக்கு வைத்திருந்தவர் பெட்டி மிஸி ஒருவர்தான்.

அவர் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் மருத்துவிச்சி. உயரம் நாலடி ஒன்பது அங்குலம். கொண்டையைச் சேர்த்தால் ஐந்தடி. அவர் வேலை செய்த சுகாதாரக் கந்தோரில் கொடுத்திருந்தது லேடீஸ் சைக்கிள்தான். ஆனால் அதைச் செய்தவன் மனதில் நினைத்த லேடி ஆறடிக்குக் குறையாதவள். சீற்றில் இருந்தால் மிஸியின் கால் நிலத்தில் படாது. பிரேக்குக்கு விரல் எட்டாது. முன்பக்கமாகக் குதிக்கலாமென்றால் சீலை மாட்டும்.

ஆகவே தீவிலுள்ள தாராபுரத்தில் பிள்ளை பெற இருந்த வீடுகளில் எல்லாம் வாசல் படலையடியில் மரத்தால் செய்த மீன்பெட்டி ஒன்று தயாராக இருக்கும். தூரத்தில் மணிச் சத்தம் கேட்டதும், "மிஸி வாறா, பெட்டியைப் போடுங்கோ!" என்று ஒரு குரல் எழும். மிஸி வேகம் தணிந்து வந்து, பெட்டியில் ஒரு காலை ஊன்றி, மகாராணி மாதிரி இறங்குவார். பெட்டியடியில் கழுதை நின்றால் அது விலகும்வரை வீட்டைச் சுற்றுவார். சுற்றிக்கொண்டே, "பிள்ளை, இரும்புச்சத்துக் குளிசை போட்டனியோ?" என்று விசாரணையும் நடத்துவார்.

நான் அதே கந்தோரில் கிளார்க். மிஸியின் விண்ணப்பம் ஒன்று என் மேசைக்கு வந்தது. "எனது காலின் உட்பக்க நீளம் இருபத்தாறு அங்குலம். கையின் நீளம் இருபத்திரண்டு. இந்த அளவுகளுக்குப் பொருந்தும் சைக்கிளை நானே தெரிவுசெய்ய அனுமதிக்கும்படி பணிவுடன் கேட்கிறேன்."

எழுந்து நின்று, கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல இழுத்து இழுத்து வாசித்தேன். காலின் உட்பக்கம் வந்த இடத்தில் கந்தோரே மேசையில் தட்டிச் சிரித்தது. திரும்பிப் பார்த்தால் வாசலில் மிஸி.

"வாசிச்சு முடிஞ்சுதோ, தம்பி?"

"ஓம், மிஸி."

"அப்ப பெரியவரிட்டை அனுப்புங்கோ."

அவர் கோபித்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே அனுப்பியிருப்பேன். சொல்லவில்லை. அந்த வெட்கத்தில் தாளை மேசை லாச்சிக்குள் தள்ளினேன். அதன்மேல் வேறு தாள்கள் விழுந்தன. ஏழு மாதம் அங்கேயே கிடந்தது.

அப்போது என் மனைவி முதற்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். "எங்கடை படலையிலும் ஒரு பெட்டி வையுங்கோவன்" என்று இரண்டு தரம் சொன்னாள்.

"கிளார்க் வீட்டு வாசலிலை மீன்பெட்டியோ?" என்றேன்.

ஒரு மத்தியானம் வலி கண்டது. மிஸி மணியடித்தபடி வந்தார். படலையடியில் ஒன்றுமில்லை. ஒரு சுற்றுச் சுற்றினார்.

"தம்பி, பெட்டி எங்கை?"

"இல்லை, மிஸி!"

"கதிரை ஒண்டாவது கொண்டு வாங்கோ!"

நான் சாப்பாட்டு மேசைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் உள்ளே மனைவி அலறினாள். மிஸி அதற்குமேல் சுற்றவில்லை. குதித்துவிட்டார்.

கணுக்கால் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அந்தக் கதிரையைப் பிடித்துத் தள்ளித் தள்ளி ஒற்றைக்காலில் உள்ளே போனார். "சுடுதண்ணி வையுங்கோ. என்ரை காலைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ, அது பிறகு."

ஒன்றரை மணித்தியாலத்தில் என் மகள் பிறந்தாள். குழந்தையைத் துடைத்துத் தாயிடம் கொடுத்த பிறகுதான் மிஸி அழுதார். அதுவும் சத்தமில்லாமல்.

மறுநாள் காலை விண்ணப்பத்தை அனுப்பினேன். ஒரு கிழமையில், ஏழே நாளில், அனுமதி வந்தது. அவ்வளவுதான் அதற்குத் தேவைப்பட்ட காலம்.

கால் கட்டை அவிழ்த்ததும் மிஸியைச் சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனேன். முதலாளி பெரிய சைக்கிள் ஒன்றை உருட்டி வந்தார். "சீற்றை இறக்கினால் காணும், மிஸி."

"சீற்றை இறக்கினா முழங்கால் நாடியிலை இடிக்கும். கைப்பிடி கிட்ட வராது. எனக்குச் சைக்கிளின்ரை சட்டமே சின்னனா வேணும், ஐயா."

முதலாளி யோசித்து, முன்னால் பொம்மை ஒட்டிய சைக்கிளைக் கொண்டுவந்தார்.

"நான் பிள்ளைப்பேறு பாக்கப் போறன், பள்ளிக்கூடம் போகேல்லை!"

நாலு சைக்கிள் திரும்பிப் போயின. ஐந்தாவது, சின்னச் சட்டம், இருபத்துநாலு அங்குலச் சில்லு. மிஸி சட்டத்துக்கு இருபுறமும் காலை வைத்து நின்றார். இரண்டு பாதமும் நிலத்தில். சீற்றில் ஏறி இருந்து குதிக்காலைப் பெடலில் வைத்து அழுத்தினார். கால் நேராக நீண்டது. பிரேக்கை மூன்று தரம் பிடித்து விட்டார். பிறகு சைக்கிளைத் தெருமுனைவரை ஓட்டிப் போய், திரும்பி வந்து, கடைவாசலில் தானாகவே இறங்கினார். சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார்.

ஆனால் அந்தக் கணுக்கால் பழையபடி வரவில்லை. ஒரு மைல் மிதித்தால் வீங்கிவிடும். சைக்கிள் பொருந்திய நேரத்தில் கால் பொருந்தவில்லை. கிட்டக் கிட்ட வீடுகள் உள்ள இடமாகப் பார்த்து மாற்றம் கேட்டு எழுதினார். அந்த விண்ணப்பத்தை நான் பத்து நிமிடத்தில் அனுப்பினேன்.

போகிற அன்று சைக்கிளை வவுனியா பஸ்ஸின் கூரையில் நானே ஏற்றிக் கட்டினேன். லாச்சி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டுமென்று யன்னலடிக்குப் போனேன். வாயைத் திறக்க முன்பே மிஸி தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி, பிள்ளைக்கு அடுத்த ஊசி வாற செவ்வாய். மறந்துபோகாதேங்கோ!"

பஸ் வெளிக்கிட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி திறக்கு முன்பே மகளைத் தூக்கிக்கொண்டு நான் வாசலில் நின்றேன்.