கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டு மாட்டு ஏலத்தில் உட்கார்ந்த விவரம்

அன்புள்ள ஆர்டித் அக்காவுக்கு,

தம்பி மெர்லின் எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி கிளெண்டா, பசுக்கள் எல்லோரும் சௌக்கியம், சோளம் அறுத்தாயிற்று. அங்கே ஓமஹாவில் உன் முட்டிவலியும் அத்தானின் குறட்டையும் அளவோடு இருக்கும் என்று நம்புகிறேன்.

வியாழக்கிழமை மாட்டு ஏலத்துக்குப் போனால், கொட்டகை வாசலில் ஒரு மருத்துவ வேன். சர்க்கரை உள்ளவர்களின் விழித்திரையைப் படம் எடுத்தால் கம்ப்யூட்டரே பார்த்து அங்கேயே முடிவு சொல்லிவிடுமாம். கிளெண்டா என்னைக் கன்றுக்குட்டியை ஏற்றுவது போல உள்ளே தள்ளினாள். படம் இருட்டாக விழுகிறது என்று டாரா என்கிற நர்ஸ் சொட்டு மருந்து விட்டு, "கண்ணு நல்லா விரியட்டும், கொஞ்ச நேரம் எங்கயாவது சும்மா உக்காந்துட்டு வாங்க" என்றாள். எனக்குச் சும்மா உட்காரத் தெரிந்த ஒரே இடம் ஏலக் கொட்டகையின் முன்வரிசை. அங்கே கையைத் தூக்கி ஏலம் கேட்கிற பழக்கம் நம் குடும்பத்தில் கிடையாதே. அப்பா காலத்திலிருந்து கண்ணைச் சிமிட்டினால் போதும். அன்றைக்கு ஒவ்வொரு விளக்கும் ஒரு சூரியன். தண்ணீராய்க் கொட்டுகிற கண்ணை நான் சிமிட்ட, ஏலக்காரன் டுவேன் விலையை ஏற்றினான். எதிர்வரிசையில் பக்கத்துப் பண்ணை லேமன் ஹ்ருஷ்கா. அவனும் வேனிலிருந்து சொட்டோடு வந்தவன்தான். அவன் சிமிட்ட, நான் சிமிட்ட, விலை எங்கேயோ போய்விட்டது. நடுவில் நிற்பது என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியாது. சுத்தியல் விழுந்த பிறகுதான் கேட்டேன்.

"டுவேன், நான் என்னடா வாங்கினேன்?"

"லாமா. கம்பளி நல்லா வரும். ஆளைப் புடிக்கலைன்னா மூஞ்சியில துப்பும், அவ்வளவுதான்."

ஒட்டகம் ஆட்டு வேஷம் போட்டது மாதிரி ஒரு பிராணி, அக்கா. பார்த்ததும் துப்பியது.

திரும்ப வேனுக்குப் போய்ப் படம் எடுத்தார்கள். இரண்டு கண்ணிலும் சர்க்கரை வேலையை ஆரம்பித்துவிட்டது, உள்ளே பொட்டுப் பொட்டாக ரத்தக் கசிவு, கண் டாக்டரைப் பார்க்கவும் என்று தீர்ப்பு. "மூணு வேலி தாண்டி நிக்கிற மாட்டோட காது நம்பரைப் படிக்கிறவன் நான்" என்றேன். "படிப்பீங்க, இப்போ ஒண்ணும் தெரியாது. தெரியறப்போ லேட்டாயிருக்கும். இப்பவே போனா பார்வையைக் காப்பாத்திக்கலாம்" என்றாள் டாரா. வண்டியில் வீடு திரும்பும்போது கிளெண்டா, "பத்தடியில நிக்கிற லாமா தெரியல, மாட்டு நம்பர் தெரியுதாம்" என்றாள்.

உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கண் டாக்டரிடம் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டாள். நான் போவதாக இல்லை. கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்களாம். நான் கன்றுக்கு ஊசி போடும்போதே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற வீரன். ஆகவே நீ வியாழக்கிழமை போன் செய்து, உங்கள் வீட்டில் எல்லோருக்கும் விஷக் காய்ச்சல், யாரும் வரவேண்டாம் என்று கிளெண்டாவிடம் சொல்லவும். நம் குடும்பத்தில் பொய் சொன்னால் நம்பும்படியான முகமும் குரலும் உனக்குத்தான் வாய்த்திருக்கின்றன.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்கள் எல்லோரையும் காப்பாராக.

உன் தம்பி,
மெர்லின்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது லேமனும் அவன் மனைவியும் வந்தார்கள். வண்டி அவள்தான் ஓட்டினாள். "ரெண்டு வருஷம் முன்னாடியே அந்த மிஷின் எனக்கும் இதையேதான் சொல்லிச்சு. அறுப்பு முடியட்டும்னு விட்டேன்" என்று சிரித்தான். காப்பி வைத்தோம். அவன் கை கோப்பையைத் தேடி மேஜையெல்லாம் தடவியது. கிளெண்டா பேச்சை நிறுத்தாமலே கோப்பையை அவன் விரலண்டை நகர்த்திவைத்தாள். லேமன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று, வீணாக்க மனமில்லை, அதனால் அனுப்புகிறேன். போன் செய்யாதே. வெள்ளிக்கிழமை விடியும்போதே வந்துவிடுவோம்.