புஷ் தேர்ந்தெடுக்கும் படலம்

சாமான் வாங்குகிறவர்களை உங்களுக்குத் தெரியும். கடைக்குப் போவார்கள், கேட்பார்கள், வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இது அவர்களைப் பற்றியது அல்ல. தேர்ந்தெடுக்கிறவர்கள் என்று ஒரு ரகம் உண்டு. இவர்கள் வாங்கவே மாட்டார்கள். வாங்கிவிட்டால் தேர்ந்தெடுப்பது நின்றுபோய்விடுமே, அப்புறம் பொழுதுக்கு எங்கே போவார்கள், பாவம்?

இந்த ரகத்தின் அசல் மாதிரி ஒன்று எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. என் தங்கையைக் கட்டிக்கொடுத்து நாங்களே வலியப் போய்ச் சம்பாதித்துக்கொண்டது. மாப்பிள்ளைக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் நாற்காலி தேய்க்கும் உத்தியோகம். வைத்திருப்பதோ காடு, மலை, ஆறு எதையும் விட்டுவைக்காத ஜீப். அது இதுவரை ஏறிய மிக உயரமான இடம், அவர் அலுவலக வாகன நிறுத்தத்தின் இரண்டாம் மாடி.

அந்த ஜீப்புக்கு புஷ் போய்விட்டது. புஷ் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. வண்டிக்கு அடியில் இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் நடுவே உட்கார்ந்து, குலுக்கலை எல்லாம் தான் வாங்கிக்கொள்கிற உருளை; உள்ளங்கையில் அடங்கிவிடும். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "எட்டு புஷ்ஷும் மாத்தணும் சார். இதோட மலை கிலை ஏறிடாதீங்க. ஸ்டீயரிங் ஒரு பக்கம் போகும், வண்டி ஒரு பக்கம் போகும்."

வேறு யாராவது என்றால் மறுநாளே மாற்றியிருப்பார்கள். மாப்பிள்ளை ஜீப்புக்கு உறை போட்டு மூடிவிட்டுப் படிக்க உட்கார்ந்தார். ரப்பரா, பாலியா? பாலி என்பது ரப்பர் மாதிரியே இருந்துகொண்டு ரப்பரைவிட விறைப்பாக நடந்துகொள்ளும் ஒன்று. மஞ்சள், ஊதா, நீலம் என்று கலர் கலராக வரும். இரண்டிலும் மாதிரிக்கு நாலைந்து தருவித்தார், அட்டவணை போட்டார், பாலைவனத்தைக் குறுக்கே கடந்த யாரோ ஒரு மனிதருக்குக் கடிதம் எழுதினார், பதில் வராததையும் அட்டவணையில் ஏற்றினார். ஒரு நாள் காலையில் தங்கை ஃபிரிட்ஜைத் திறந்தால் தக்காளிக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. குளிரில் இறுகுகிறதா என்று பார்க்கிறாராம். பால் காய்ச்சும் பாத்திரத்தில் இன்னொன்று கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு யாருக்கும் காப்பி இல்லை.

நான் நடுவில் போய் மாட்டிக்கொண்டேன்.

"ரப்பரையே போட்டுட்டா என்ன மாப்ளே?"

"போடலாம் மச்சான். சொகுசா இருக்கும். ஆனா வளைஞ்சு குடுத்துடும்."

"அப்ப பாலியைப் போட்டுடுங்க."

"போடலாம். நல்லா உழைக்கும். ஆனா கீச்சு கீச்சுனு கத்தும்."

"அப்ப ரப்பரே…"

"அவசரப்பட்டா ஆகுமா மச்சான்?"

அவசரமா? பதினோரு வாரம் ஆகியிருந்தது! இதற்குள் தங்கைக்கு உத்தரவு வந்துவிட்டது. அவள் நர்ஸ். ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்த தலைமை நர்ஸ் வேலை, மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில். திங்கட்கிழமை பத்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். பஸ் அடிவாரத்தோடு சரி. மேலே ஏழு கிலோமீட்டரும் கல்லும் குழியும். வாடகை வண்டிக்காரர்கள் அந்தப் பாதையைச் சொன்னதுமே கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஜீப்பை விட்டால் கதி இல்லை. மாப்பிள்ளை அதையும் யோசித்தார். "மலைப் பாதைன்னா கணக்கே மாறுதே!" என்று அட்டவணையை முதலிலிருந்து தொடங்கினார். எனக்கு வந்த கோபத்தில் அந்த மஞ்சள் புஷ்ஷை எடுத்து அவர் வாயிலேயே அடைத்திருப்பேன்.

சனிக்கிழமை அவர் ஜீப் பிரியர்கள் கூட்டத்துக்குக் கருத்துக் கேட்கப் போனார். போன கையோடு தங்கை சாவியை எடுத்தாள். "அண்ணா, கூட வா."

மெக்கானிக் அலமாரிக்குள் கையை விட்டு எட்டு ரப்பர் புஷ்ஷை எடுத்தார்.

"இந்த வண்டிக்குச் சேருமா?" என்றாள்.

"சேரும்மா."

"போடுங்க."

தேர்வு முடிந்தது. பழையவற்றை அழுத்தி வெளியே தள்ளிப் புதியவற்றை ஏற்றினார். வண்டியைக் கீழே இறக்கி நாலு சக்கரத்தில் நிறுத்திய பிறகே போல்ட்டுகளை முறுக்கினார். "தொங்கவிட்டு முறுக்கினா ரப்பர் சீக்கிரம் கிழிஞ்சிரும்" என்றார். மூன்றே மணி நேரம். மறுபடி உறை போட்டு மூடிவிட்டோம்.

திங்கட்கிழமை தங்கை ஓட்டினாள். மாப்பிள்ளை பக்கத்து இருக்கையில் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், நான் பின்னால். "நான் சொல்றதைக் கேளு, இந்த புஷ்ஷோட ஏறக் கூடாது" என்று அடிவாரம் வரை புலம்பினார். ஏற்றத்தில் திடீரென்று தலையைச் சாய்த்து ஒரு விரலை உயர்த்தினார்.

"கேக்குதா மச்சான்? டொக்கு டொக்குனு? பின்சக்கரத்து புஷ். சுத்தமா போயிடுச்சு."

என் காலடியில் உருண்டுகொண்டிருந்த தண்ணீர் பாட்டிலை ஓசைப்படாமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சத்தம் நின்றது. "பாத்தீங்களா, இப்ப கேக்கலை. ஆபத்தே இதுலதான்" என்றார்.

ஒன்பதே முக்காலுக்குத் தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சனிக்கிழமையே மாத்தியாச்சுங்க" என்றாள் அவரிடம்.

மனிதர் வெள்ளைச் சட்டையோடு, வரிசையில் நின்ற நோயாளிகள் எல்லாம் பார்க்க, ஜீப்புக்கு அடியில் ஊர்ந்து போனார். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மச்சான், இது எந்தக் கம்பெனி?"

"தெரியாது மாப்ளே."

"தெரியாமலா போட்டீங்க!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அடுப்போ மின்விசிறியோ, நீங்களும் ஏதோ ஒன்றை எது நல்லது என்று பல நாளாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அதை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். எப்போதோ மாற்றியிருப்பார்கள். உங்களிடம் மட்டும் சொல்லியிருக்க மாட்டார்கள்.