சட்டைப் பித்தான் போட்ட இன்ஜின்

நீராவி இன்ஜின் என்றால் கறுப்பு என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. படித்தவர்களும் நம்புகிறார்கள். குழந்தைகளின் படப் புத்தகத்தில் கரிய இன்ஜினை அச்சிட்டு, அந்தப் பிழையைப் பரம்பரைச் சொத்துபோல் கைமாற்றுகிறார்கள். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒற்றுப் பிழையை மன்னித்தாலும் மன்னிப்பேன்; இதை மன்னிக்க மாட்டேன்.

பிரிட்டனில் ரயில்கள் தனியார் கம்பெனிகளிடம் இருந்த காலத்தில், கம்பெனிக்கு ஒரு நிறம் இருந்தது. ஒருவருக்கு அரக்குச் சிவப்பு. ஒருவருக்கு நீலம். இன்னொரு கம்பெனி மஞ்சளைப் பூசிவிட்டு அதற்கு ‘மேம்படுத்திய பச்சை’ என்று பெயர் வைத்தது. அதைத் திருத்த அங்கே ஆள் இல்லை போலும். கிரேட் வெஸ்டர்ன் கம்பெனிக்கு மட்டும் உண்மையிலேயே பச்சை. சீமாட்டிகளை இழுக்கும் இன்ஜினும் பச்சை, நிலக்கரியை இழுக்கும் இன்ஜினும் பச்சை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றன என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

அந்தக் கேலியில் பிறந்ததுதான் என் இல்லற வாழ்க்கையின் ஒரே சாமர்த்தியம். அது செத்த கதையைச் சொல்கிறேன்.

நான் சேகரிப்பது அந்த இன்ஜின்களின் மாதிரிகளை. நிஜத்தில் எழுபத்தாறில் ஒரு பங்கு. வீட்டில் என் அதிகாரமும் ஏறக்குறைய அதே அளவுதான். என் மனைவி தையற்காரி. வீட்டிலிருந்தே தைக்கிறாள். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, மிச்சமாக இருந்த ஒரே ஒரு சிறிய அறையின் வாசலில் நின்று ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம்.

“ரூம் எனக்கு வேணும். மெஷின் போடணும்.”

“எனக்கு இன்ஜின் வைக்கணும்.”

“எத்தனை இன்ஜின்?”

“ஒண்ணே ஒண்ணு.”

“ஒண்ணுன்னா ஒண்ணுதான். ரெண்டாவது இன்ஜின் இந்த வாசப்படிய மிதிச்சா, ரூம் என்னுது.”

“இன்ஜின் எப்படி மிதிக்கும்? அதுக்குச் சக்கரம்.”

“சரி, உருண்டு வந்தா.”

சொல்லில் அவளைத் திருத்தினேன், அறையை வாங்கினேன். தையல் மெஷின் நடைவழியில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் போயிற்று. பெட்டியைத் திறக்க வேண்டுமானால் அவள் எழுந்து முக்காலியை நகர்த்த வேண்டும். துணி வெட்டுவது சாப்பாட்டு மேசையில். குண்டூசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத மனைவியைக் கண்டு பயப்பட வேண்டும் என்று எந்தப் பாட நூலிலும் இல்லை.

ஓர் இன்ஜினோடு நிற்பவன் சேகரிப்பாளன் அல்ல, பொம்மை வைத்திருப்பவன். ஆகவே வாங்கினேன். எல்லாம் கிரேட் வெஸ்டர்ன், எல்லாம் பச்சை. அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் எப்போதும் ஒன்று. மற்றவை பரணில், ‘பழைய அச்சுப் பிரதிகள்’ என்று எழுதிய அட்டைப் பெட்டியில். உலகத்தில் யாரும் திறக்க ஆசைப்படாத பெட்டி அது. அவள் நூல் வாங்கக் கடைக்குப் போகும் நேரம் பார்த்து ஏணி போட்டு ஏறி, ஒன்றை இறக்கி ஒன்றை ஏற்றுவேன்.

“ஏங்க, இது கொஞ்சம் நீளமாத் தெரியுதே?” என்பாள், துணித்துண்டால் கண்ணாடியைத் துடைத்தபடி.

“வெளிச்சம்.”

“போன வாரம் பெரிய சக்கரம் ரெண்டுதான் இருந்த மாதிரி இருந்துது. இப்ப மூணு இருக்கு.”

“ஒண்ணு நிழல்ல இருந்திருக்கும்.”

ஒரு முறை தபாலில் வந்த பொட்டலம் அவள் கையில் சிக்கியது. பிரித்தும் விட்டாள். நான் கலங்கவில்லை. “அது ஆணியாரோடது. அவர் வீட்டுல இடமில்லை, நம்ம விலாசத்துக்கு அனுப்பச் சொன்னார்” என்றேன். “பாவம்” என்று சொல்லிவிட்டுத் தைக்கப் போனாள்.

ஆணியார் எங்கள் மாதிரி ரயில் சங்கத்தின் தலைவர். பூதக்கண்ணாடியும் கையுமாக, இன்ஜின் கொதிகலனில் உள்ள ஆணிகளை எண்ணுவார். ஓர் ஆணி குறைந்தாலும் செய்த கம்பெனியைச் சபித்துவிடுவார். அதனால் அந்தப் பெயர். ஒரு கூட்டத்தில் ஓர் உறுப்பினர் பொருந்தாத இன்ஜினையும் பெட்டியையும் கோத்துக் கொண்டுவந்தார். ஆணியார் திட்டவில்லை. ஒரு பெருமூச்சு விட்டார். அந்த உறுப்பினர் இப்போது தபால்தலை சேகரிக்கிறார்.

இனி டெண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் வண்டிக்கு டெண்டர் என்று பெயர். என் மனைவி அதை வால் என்பாள். இருபதுகளில் அதன் பக்கவாட்டில் கம்பெனியின் முழுப் பெயரை எழுதினார்கள். முப்பதுகளில் அதற்குப் பதில் ஒரு சின்ன வட்ட முத்திரை. சேகரிப்பவர்கள் அதைச் சட்டைப் பித்தான் என்பார்கள். இருபதுகளின் இன்ஜினுக்குப் பித்தான் போட்ட டெண்டரை மாட்டுவது, கல்வெட்டில் தொலைபேசி எண் செதுக்குவதற்குச் சமம்.

ஒரு காலை கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கிறேன். இருபதுகளின் இன்ஜின். பின்னால் பித்தான்.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். பிறர் பிழையைத் திருத்தியே வயிறு வளர்ப்பவனுக்குத் தன் பிழையைக் கண்டால் உயிர் போய்விடும். அவள் வெளியே போனதும் பரணேறிச் சரியான வாலை எடுத்து மாட்டினேன். இரண்டு நாள் கழித்து மீண்டும் பித்தான்.

அப்போதுதான் புரிந்தது. பிழை என்னுடையதல்ல. யாரோ பரணைத் திறந்திருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். “ஏன் வாலை மாற்றினாய்?” என்று கேட்க முடியாது. “எந்த இன்ஜினின் வால்?” என்பாள். ஒரே இன்ஜின் உள்ள வீட்டில் இரண்டாவது வால் எப்படி முளைக்கும்? கேட்டால் அறை போச்சு. கேட்காவிட்டால் பிழை கண்முன்னே. ரகசியமாகத் திருத்தலாம் என்று ஏணியைத் தேடினேன். அது நடைவழியில் நின்றது. படிக்குப் படி தைத்த உடுப்புகள் தொங்கின.

“ஏணி வேணுமே” என்றேன்.

“எதுக்கு?”

“சும்மா.”

“சும்மா ஏறுறதுக்கா? நாலு கவுனும் ரெண்டு கோட்டும் தொங்குது. தேய்ச்சு வெச்சது. கசங்கினா நீங்கதான் தேய்க்கணும்.”

“எப்ப எடுப்பே?”

“எடுத்து எங்க மாட்டறது? எனக்கு என்ன ரூமா இருக்கு?”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அச்சகத்தில் ஒரு திருமண அழைப்பிதழில் மணமகன் பெயரைக் கோட்டைவிட்டேன். வீட்டுக்கு வந்தால் அந்தப் பித்தான் என்னைப் பார்த்தது. துண்டைப் போட்டு மூடினேன். “தூசி படியாம இருக்க” என்றேன். அவள் துண்டை எடுத்து, துவைத்து, காயப்போட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்த இடி.

“ஞாயித்துக்கிழமை உங்க ஆணியார் அண்ணனை வரச் சொல்லியிருக்கேன்” என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி.

“யாரு? ஏன்?”

“உங்க சங்கத் தலைவராச்சே. உங்க இன்ஜினை ஒரு தடவையாவது வந்து பார்க்க வேண்டாமா? போன் பண்ணினேன். பூதக்கண்ணாடி கொண்டுவரேன்னார்.”

ஞாயிற்றுக்கிழமை வரை நான் எப்படி உயிரோடு இருந்தேன் என்பதற்கு மருத்துவத்தில் விளக்கம் இல்லை. ஏணி அசையவில்லை. அதன் அடியில் அவள் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆணியார் வந்தார். “என்ன தங்கச்சி, சௌக்கியமா?” என்றார். அவள் மெஷினை அறை வாசலைப் பார்த்தபடி திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஆணியார் கண்ணாடிப் பெட்டிக்கு முன் குனிந்தார். இன்ஜினின் முகத்திலிருந்து தொடங்கினார். புகைபோக்கி. அதன் செம்பு விளிம்பு. கொதிகலன். பூதக்கண்ணாடி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. வாலுக்கு வந்தது. அங்கே நின்றது.

நின்றுகொண்டே இருந்தது. பிறகு ஆணியார் மூச்சை உள்ளே இழுத்தார். பெருமூச்சின் முதல் பாதி.

“தம்பி, இந்த வாலு...”

“அதுக்குச் சரியான வால் பரண்ல இருக்குங்க” என்று என் வாய் சொல்லிவிட்டது.

மெஷின் நின்றது.

“எது பரண்ல இருக்கு?” என்றாள்.

“வால்.”

“தனியாவா?”

“இன்ஜினோட.”

“யாரோட இன்ஜின்?”

பழக்க தோஷம் என்று ஒன்று இருக்கிறது. கிணற்றில் விழுந்தவன் கயிறு என்று நினைத்துப் பாம்பைப் பிடிப்பதுபோல, “ஆணியாரோடது” என்றேன். அவர் எதிரில்தான் நின்றிருந்தார்.

“அப்படியா? நல்லதாப் போச்சு” என்றாள் அவள். “அண்ணே, உங்க இன்ஜின் எல்லாம் எங்க பரண்ல ரொம்ப நாளா இருக்காம். வந்ததே வந்தீங்க, கையோட எடுத்துட்டுப் போயிடுங்க. ஏணியைக் காலி பண்ணித் தரேன்.”

ஆணியார் என்னைப் பார்த்தார். பரணைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எந்தச் சங்கக் கூட்டத்திலும் நான் கண்டதில்லை.

“ஆமா தங்கச்சி” என்றார். “ரொம்ப நாளாச்சு. என்னென்ன இருக்குன்னு எனக்கே மறந்துபோச்சு. பை ஏதாவது இருந்தா கொடுங்களேன்.”

அவள் எழுந்து ஒவ்வோர் உடுப்பாக ஏணியிலிருந்து எடுத்தாள். நிதானமாக. கசங்காமல். கடைசிக் கோட்டை அவள் எடுத்தபோது ஆணியார் முதல் படியில் கால் வைத்துவிட்டார்.

“என்னோடது” என்றேன்.

“என்னது?”

“எல்லாம் என்னோடது.”

“எல்லாம்னா?”

“எல்லாப் பச்சையும்.”

ஆணியார் காலை இறக்கினார். அவள் அறையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மெஷின் எந்தப் பக்கம் வைத்தால் வெளிச்சம் விழும் என்று கணக்குப் போடுபவள்போல் தலையைச் சாய்த்தாள்.

“பரண்ல பழைய திரைச்சீலை தேடப் போனேன்” என்றாள். “பார்த்ததும் கேட்டிருந்தா, ஆணியாரோடதுன்னு சொல்லியிருப்பீங்க. அதான் ஆணியாரையே கூப்பிட்டேன்.”

“வாலை மாத்தணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“பொட்டியில இருக்கறதெல்லாம் ஒரே பச்சை. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. ஒண்ணுல பித்தான் இருந்துது, ஒண்ணுல இல்லை. சும்மா மாத்தி மாட்டிப் பார்த்தேன். காலையில பித்தான் மாத்திப் போட்ட சட்டையோட வெளிய போனவர் மாதிரி நீங்க முழிச்சீங்க. சரி, வேலை செய்யுதுன்னு விட்டுட்டேன்.”

ஆணியாரை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். செருப்பு மாட்டும்போது மெல்லக் கேட்டேன்.

“அண்ணே, அந்தப் பித்தானைப் பார்த்ததும் என்ன சொல்ல வந்தீங்க?”

“எந்தப் பித்தான்?”

“டெண்டர்ல. வட்ட முத்திரை.”

“ஓ, முத்திரையா அது?” அவர் குரலைத் தாழ்த்தினார். “தம்பி, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, ஒரு வருஷமா எனக்குக் கிட்ட இருக்கறது எதுவும் சரியாத் தெரியறதில்லை. ஆணியெல்லாம் குத்துமதிப்புதான். சங்கத்துல சொல்லிடாதீங்க. வால்ல ஒரு துளி தூசி இல்லையே, எந்தத் துணியால துடைக்கறீங்கன்னு கேட்க வந்தேன்.”

உள்ளே திரும்பினேன். அவள் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அந்தப் பக்கம் புடிங்க” என்றாள்.

பிடித்தேன்.

கண்ணாடிப் பெட்டி இப்போது நடைவழியில், குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் இருக்கிறது. கதவைச் சாத்தும்போதெல்லாம் இன்ஜின் நூலளவு முன்னால் நகர்கிறது.